பதினேழாம் தொட்டி

கூனவாரா, தென் அவுஸ்திரேலியா
09.04.2025

அன்புள்ள வேணுகா அக்காவுக்கு,

உங்களுக்கும் அத்தானுக்கும் பிள்ளை நிலக்ஷிக்கும் உடம்பில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று நினைத்தபடி எழுதுகிறேன். நான் சுகம். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் எடுக்கிற அழைப்பெல்லாம் என் போனில் தெரிகிறது. எடுத்தால் உங்கள் குரல் கேட்கும். அதைக் கேட்ட பிறகு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கடிதமென்றால் நிறுத்தி நிறுத்தி எழுதலாம். கோபிக்காதீர்கள்.

தம்பி சுதாகரன் போய் இன்றைக்கு இருபத்திரண்டு நாள். அடிலெய்டில் தகனம் நடந்ததை இத்தாலியில் பலெர்மோவிலிருந்து நீங்கள் போனில் பார்த்தீர்கள். எழுபது பேருக்கு மேல் வந்தார்கள். எங்களுக்கு வேலை எடுத்துத் தருகிற றொஜர் அண்ணைதான் எல்லாவற்றையும் நின்று செய்தார். அஸ்தியைக் கிளெனெல்க் கடலில் கரைத்தோம். அவனுடைய சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறேன். உடுப்பு, குளிருக்குப் போடுகிற சட்டை, போன். போன் பூட்டியிருக்கிறது, திறக்க எனக்குத் தெரியாது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அன்று காய்ச்சல், அக்கா. வேலைக்குப் போகவில்லை. பரோசாவில் நாங்கள் வேலை செய்த தோட்டத்தில் வைன் நொதிக்க வைக்கிற பெரிய இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. வைனை வடித்து எடுத்த பிறகு திராட்சைத் தோலும் விதையும் அடியில் இடுப்பளவுக்குக் கிடக்கும். ஆள் உள்ளே போய்ச் சவளால் அள்ளித் தள்ள வேண்டும். நொதிக்கும்போது வந்த வாயு அதற்குள் நிற்கும். மணமும் இல்லை, நிறமும் இல்லை. மெசினால் சோதித்துப் பார்க்காமல் அவன் பதினேழாம் தொட்டிக்குள் போய்விட்டான் என்று சொல்கிறார்கள்.

நான் இப்போது கூனவாராவுக்கு வந்துவிட்டேன். பரோசாவில் பழம் பிடுங்கி முடிந்தது. இந்தப் பக்கம் குளிர் கூட, பழம் பிந்தித்தான் பழுக்கும். மண் செங்கல் தூள் மாதிரிச் சிவப்பு. ஒரு நாடாவை விரித்துவிட்ட மாதிரிப் பதினைந்து கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டும்தான் அந்தச் சிவப்பாம். வேலிக்கு இந்தப் பக்கத்துப் பழத்துக்கு உலகம் முழுக்கப் பெயர். அந்தப் பக்கம் கறுப்பு மண், அதில் விளைவதை ஒருவரும் விசாரிப்பதில்லை.

சின்னம்மாவோடு கதைத்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் தம்பி,
நகுலேஸ்வரன்


பலெர்மோ
11.05.2025

அன்புள்ள நகுலனுக்கு,

எங்கள் வீட்டில் நோயென்று ஒன்றும் இல்லை. சுகம் என்ற சொல்லை எழுதக் கை வரவில்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பெட்டி வந்து சேர்ந்தது. உடுப்பை நீ தோய்த்து அனுப்பியிருக்கிறாய். தோய்க்காமல் அனுப்பியிருக்கலாம்.

போன கிழமை அவுஸ்திரேலியாவின் வேலைத்தளப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. நிலக்ஷி பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறாள், அவள்தான் வாசித்தாள். நடுவில் நின்று என் முகத்தைப் பார்த்தாள். “அம்மா, மாமா நொன் அவுத்தொரிசாத்தோ எண்டு போட்டிருக்கு. ஆரும் சொல்லாமல் தானா உள்ளை போனவராம். ஏன் போனவர் எண்டு தெரியாதாம்” என்றாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அதை அவள் வாயால் கேட்க வேண்டி வந்தது.

அதைவிட ஒன்று. ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னாலுள்ள எங்கள் ஆட்களின் கடையில் அரிசி வாங்க நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். நான் நிற்பது தெரியாமல் ஒருத்தி சொன்னாள், “வைன் தொட்டிக்குள்ளை கிடந்து செத்த பெடியனெல்லோ? நல்லாக் குடிச்சிருப்பான்.” நான் அரிசியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். இந்தக் கதை கிளிநொச்சி வரைக்கும் போய்விட்டது. அம்மா வெளியே போவதை விட்டுவிட்டா.

நீயும் அவனும் ஒரே வயிற்றில் பிறக்காவிட்டாலும் ஒரே கோப்பையில் சாப்பிட்டவர்கள். உன் அம்மா போன பிறகு நீ உன் சின்னம்மாவிடம், எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாய். உனக்குத் தெரியும். பதின்மூன்று வருடம் வைன் நடுவே வேலை செய்து ஒரு சொட்டு வாயில் வைக்காதவன் அவன். காஸ் சிலிண்டரை மூன்று தரம் மூடிப் பார்ப்பவன். அவுஸ்திரேலியாவுக்குப் படகு ஏறும்போது எத்தனை பேர், எத்தனை மிதவைச் சட்டை என்று எண்ணிய பிறகுதான் காலை வைத்தான் என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

அப்படிப்பட்டவன் ஏன் உள்ளே போனான்? எனக்கு இது ஒன்றைச் சொல்.

அன்புடன் அக்கா,
வேணுகா


மக்லாரன் வேல்
14.06.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நான்கு கிழமை கழித்து வந்தது. அத்தான் மொண்டெல்லோக் கடற்கரையில் சமையல் வேலை தொடங்கியிருப்பார், கோடை வந்துவிட்டதுதானே. வெயிலில் கவனமாக இருக்கச் சொல்லுங்கள். எனக்கு இங்கே கடும் குளிர், வேறு குறை இல்லை.

இப்போது கிளை வெட்டுகிற காலம். மக்லாரன் வேலில் தோட்டங்கள் கடலைப் பார்த்துச் சரிந்து கிடக்கின்றன. நான் நிற்கிற தோட்டத்துக் கொடிகளுக்கு நூறு வயதுக்கு மேலாம். கம்பி இல்லாமல், குள்ளமான மரம் மாதிரித் தனித்தனியாக நிற்கின்றன. ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துத்தான் வெட்ட வேண்டும். போன வருடம் காய்த்த கிளையை எடுத்துவிட்டு, இரண்டு முளைக்கண் மட்டும் விட வேண்டும். பிழையாக வெட்டினால் கொடியின் அந்தக் கை செத்துவிடும் என்று தோட்டக்காரர் சொன்னார். வெட்டிய இடத்திலிருந்து குளிர் முடியும்போது தண்ணீர் சொட்டுமாம். அதை இந்த ஊர்க்காரர் கொடி அழுகிறது என்பார்களாம்.

வேலை பிந்திவிட்டால் ஆட்கள் அவசரப்படுவார்கள், அக்கா. அன்றைக்கு லொறி காத்து நின்றதாம். சுதா அவசரத்தில் போயிருப்பான். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்?

கடைக்காரிகளின் கதையை மனத்தில் எடுக்காதீர்கள். சின்னம்மாவுக்கு அவன் குடிப்பதில்லை என்று சொல்லுங்கள்.

நிலக்ஷிக்கு என் அன்பு.

நகுலேஸ்வரன்


பலெர்மோ
12.07.2025

அன்புள்ள நகுலனுக்கு,

இங்கே ஆபிரிக்காவிலிருந்து சூட்டுக் காற்று அடித்துக்கொண்டிருக்கிறது. அத்தானுக்குச் சமையலறையில் நின்று காலெல்லாம் வீக்கம். மற்றப்படி பரவாயில்லை. உன் கைகள் குளிரில் வெடித்திருக்கும், எண்ணெய் பூசு.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது இன்னொன்று. நான் தம்பியைப் பற்றிக் கேட்கிறேன், நீ எனக்குத் தோட்டம் தோட்டமாகக் காட்டிக்கொண்டு போகிறாய்.

நான் வேலை செய்கிற வீட்டுச் சிஞ்ஞோராவுக்கு எண்பத்து நான்கு வயது. அவவின் சிற்றப்பாவுக்குப் பார்த்தினிக்கோ என்ற ஊரில் திராட்சைத் தோட்டம் இருந்ததாம். தம்பி எப்படிச் செத்தான் என்று இத்தனை நாளும் நான் அவவுக்குச் சொல்லவில்லை. போன செவ்வாய் அலுமாரி துடைக்கும்போது அழுகை வந்துவிட்டது, சொன்னேன். அவ கதிரையைப் பக்கத்தில் இழுத்து என்னை இருக்க வைத்தா.

“எங்கள் ஆட்கள் வைன் அறைக்குள் மெழுகுதிரி கொண்டுதான் இறங்குவார்கள். திரி அணைந்தால் திரும்பி ஓடிவிடுவார்கள். ஆனாலும் வருடத்துக்கு ஒருவர் சாவார்” என்றா. பிறகு, “சாகிறது பெரும்பாலும் இரண்டாவது ஆள், வேணுகா. முதல் ஆள் விழுவான். அவனை இழுக்க இன்னொருவன் போவான். உன் தம்பிக்கு முன்னால் உள்ளே போனது யார்?” என்று கேட்டா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைத் திரும்பத் திறந்தேன். நிலக்ஷி போனைச் சார்ஜில் போட்டு இலக்கங்களைத் தட்டிப் பார்த்தாள். அவன் பிறந்த திகதி, என்னுடையது, அம்மாவுடையது. கடைசியில் தன் பிறந்த திகதியைப் போட்டாள், திறந்துவிட்டது. அவளை அவன் நேரில் ஒரு நாளும் கண்டதில்லை.

அதிலிருந்த கடைசிப் படத்தை ஒரு கடையில் கொடுத்து எடுப்பித்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு இரண்டு பேர் சிரிக்கிறீர்கள். பின்னால் தொட்டி, அதில் பதினேழு என்று எழுதியிருக்கிறது. எடுத்தது மார்ச் பதினெட்டு, அவன் போன அன்று, பகல் பதினொன்று ஐம்பத்திரண்டு என்று போன் சொல்கிறது.

உன் முகத்தில் காய்ச்சல் தெரியவில்லை, நகுலன்.

அக்கா


பலெர்மோ
02.09.2025

நகுலன்,

ஏழு கிழமையாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. கடிதம் தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை.

உயிரோடு இருக்கிறாயா என்று மட்டும் எழுது. மற்றதைப் பிறகு பார்ப்போம்.

வேணுகா


ரிவர்லாண்ட்
21.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கிறேன்.

உங்கள் படம் ஓகஸ்ட் நடுவில் கிடைத்தது. அதை எங்கே போனாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். அவன் அந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பத்தான் எடுத்தான். பின்னேரம் அனுப்புகிறேன் என்றான்.

எனக்குக் காய்ச்சல் இருக்கவில்லை. உங்களுக்கு நான் எழுதியது பொய்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் விசாவில் இருந்த வேலை அனுமதி பெப்ரவரியோடு முடிந்துவிட்டது. புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன், வரவில்லை. றொஜர் அண்ணை வேறொருவரின் பெயரில் என்னை வேலைக்கு வைத்திருந்தார். சுதாவுக்கு அது பிடிக்கவில்லை. “விடு நகுலண்ணை, நான் உழைக்கிறன், நீ வீட்டிலை இரு” என்று சண்டை பிடித்தான். நான் கேட்கவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் இரண்டு மணிக்கு இரண்டு தொட்டி மிச்சம். றொஜர் அண்ணை வந்து, “சக்கை ஏத்த லொறி வந்து நிக்குது. ஆர் உள்ளை போறது?” என்று கேட்டார்.

சுதா சொன்னான், “வாயு பாக்கிற மெசின் மற்றக் கொட்டிலிலை இருக்கு அண்ணை. எடுத்துக்கொண்டு வாறன், பொறுங்கோ.”

“அதுக்கு இருவது நிமிசம் போகும். காலமை பத்தாம் தொட்டிக்குள்ளை நகுலன் சும்மாதானே போனவன்? ஒண்டும் நடக்கேல்லையே. நகுலன், நீ போ.”

சுதா என் கையைப் பிடித்தான். “போகாதை. நான் கெதியா வாறன்” என்று சொல்லிவிட்டு ஓடினான்.

நான் போனேன், அக்கா. அவர் தயவில் வேலை செய்கிறவன், முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடிப்பக்கத்துக் கதவு சின்னது, தவழ்ந்துதான் போக வேண்டும். ஏழெட்டுத் தரம் சவளால் அள்ளித் தள்ளியிருப்பேன். கால் இருக்கிற இடம் தெரியாமல் போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மிச்சம் எங்களோடு வேலை செய்த ஒரு ஆப்கான்காரர் சொன்னது. சுதா மெசினோடு வந்து கதவுக்குள் குனிந்து பார்த்தான். மெசினைக் கீழே போட்டான். அவர் பிடிக்க முதல் தலையை உள்ளே கொடுத்துப் போய்விட்டான். என்னைக் கமக்கட்டில் பிடித்துக் கதவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான். அவர் வெளியிலிருந்து என் தோளை இழுத்தார். என் கால் சிக்கிக்கொண்டது, சுதா உள்ளே நின்று அதைத் தூக்கி விட்டான். நான் வெளியே வந்து விழுந்த பிறகு அவர் திரும்பிப் பார்த்தபோது அவன் சக்கைக்கு மேல் இருந்துவிட்டான். களைத்துப்போய் இருக்கிறவன் மாதிரி இருந்தானாம். கீழே கிடந்த மெசின் கத்திக்கொண்டே இருந்ததாம்.

நான் கண் திறக்கும்போது ஆட்கள் அவனை எடுக்கப் பெரிய மின்விசிறி கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். றொஜர் அண்ணை என் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே, “உனக்கு வேலை செய்ய விசா இல்லை. நீ இண்டைக்கு வேலைக்கு வரேல்லை. விளங்குதோ? பொலிஸ் வர முன்னம் என்ரை வானுக்குள்ளை ஏறு” என்றார்.

அவன் உள்ளே இருக்க நான் அந்த வான் வண்டியில் ஏறினேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நீங்கள் அறிந்தது. மற்றவர்களும் வேலைக்குப் பயந்து அவர் சொன்னபடியே சொன்னார்கள்.

நான் இப்போது நிற்கிற ரிவர்லாண்டில் தோட்டங்களை அழிக்கிறார்கள். பழத்தை வாங்க ஆள் இல்லையாம். புல்டோசர் முன்னால் போகக் கொடிகள் வேரோடு புரண்டு வருகின்றன. நாங்கள் கம்பியைச் சுருட்டித் தூண்களை ஒதுக்கி, கொடியைக் குவித்து எரிக்கிறோம். நாற்பது வருடத் தோட்டம் மூன்று நாளில் வெறுந்தரையாகிவிடும். இதைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் எனக்குச் சரியாக இருக்கிறது.

மன்னிக்கச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

நகுலேஸ்வரன்


அடிலெய்ட்
26.10.2025

வேணுகா அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மறுமொழி வரவில்லை. வராது என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தோட்ட வேலையை விட்டுவிட்டு அடிலெய்டுக்கு வந்துவிட்டேன். சாம்பவி என்று எங்கள் ஆட்களில் ஒரு சட்டத்தரணி, சின்னப் பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அண்ணை, இதைச் சொன்னால் அனுமதி இல்லாமல் வேலை செய்ததையும் சேர்த்துத்தான் சொல்லுறியள். தடுப்பு முகாமுக்குக் கொண்டு போகவும் கூடும். நான் எவ்வளவு செய்யலாமோ செய்வன், ஆனால் உறுதி தர ஏலாது. யோசிச்சுப்போட்டு வாங்கோ” என்றா.

யோசிக்க ஒன்றும் இல்லை என்றேன். வியாழக்கிழமை பாதுகாப்பு அலுவலகத்தில் நான்கு மணித்தியாலம் இருந்து வாக்குமூலம் கொடுத்தேன். படத்தையும் காட்டினேன். அவர்கள் அதை வாங்கிப் பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். ஆப்கான்காரரும் வந்து சொல்லச் சம்மதித்திருக்கிறார்.

இனி என்ன வந்தாலும் எழுதுவேன்.

நகுலேஸ்வரன்


பலெர்மோ
20.11.2025

நகுலனுக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. எங்களுக்குச் சுகம். உன் இரண்டு கடிதமும் என் மேசையில் இருக்கின்றன.

முதலாவதைச் சிஞ்ஞோராவின் குசினியில் நின்று வாசித்தேன். அவ அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் போய்விட்டா. வேலை முடிந்து இறங்கினேன். வீட்டுக்குப் போக முடியவில்லை. ஸ்தாசியோனேயில் ஒரு வாங்கில் போய் இருந்தேன். பகேரியாவுக்குப் போகிற ரயில் வந்தது, ஆட்கள் ஏறினார்கள், போனது. பிறகு இன்னொன்று. மூன்று ரயில் போகும்வரை என் மனத்தில் ஓடியது ஒன்றுதான். அதை உனக்கு எழுதாமல் விட்டால் நானும் உன்னைப்போல ஒளித்தவள் ஆகிவிடுவேன்.

ஏன் நீ இல்லை? ஏன் அவன்? நீ உள்ளேயே கிடந்திருக்கலாம், அவன் மெசினோடு வெளியே நின்றிருக்கலாம் என்று நினைத்தேன். உனக்குச் சோறு தீத்திய கையால்தான் இதை எழுதுகிறேன்.

நீ உள்ளே போனதற்கு எனக்குக் கோபம் இல்லை. பயந்தவன் போவான். நீ அந்த வானுக்குள் ஏறியதைக்கூட, மயக்கம் தெளியாதவன் என்று சொல்லி என்னால் கடக்க முடிகிறது. ஆனால் அவனைக் குடிகாரன் என்று உலகம் சொல்ல, ஆறு மாதம் நீ எனக்குச் சிவப்பு மண்ணையும் அழுகிற கொடியையும் எழுதிக்கொண்டிருந்தாயே. அம்மா முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாவே. அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வாக்குமூலம் கொடுத்ததை அறிந்தேன். நல்லது. இப்போது இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

வேணுகா


அடிலெய்ட்
12.01.2026

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடத்தில் உங்கள் வீட்டுக்கு நல்லது நடக்க வேண்டும். அத்தானின் கால் வீக்கம் வற்றியிருக்கும் என்று நம்புகிறேன். எனக்குச் சாப்பாடும் படுக்க இடமும் இருக்கிறது. ஒரு கோயில்காரர் அறை தந்திருக்கிறார்.

உங்கள் கடிதத்தில் இருந்ததெல்லாம் சரி. நீங்கள் நினைத்ததை நானும் ஒவ்வொரு நாளும் நினைக்கிறேன்.

டிசம்பரில் பாதுகாப்பு அலுவலகம் முதல் எழுதியதைத் திருத்திவிட்டது. உங்களுக்கும் பிரதி வரும். அதில், “மேற்பார்வையாளரின் உத்தரவில் உள்ளே சென்று மயங்கிய சக தொழிலாளியை மீட்பதற்காக உள்ளே சென்றார். அவரது முயற்சியால் அந்தத் தொழிலாளி உயிர் பிழைத்தார்” என்று இருக்கிறது. அவன் உடலில் மது இருக்கவில்லை என்ற வைத்தியரின் அறிக்கையும் சேர்த்திருக்கிறார்கள். அந்த அறிக்கை ஏப்ரலிலேயே வந்துவிட்டதாம், அக்கா. எவரும் உங்களுக்கு அனுப்பவில்லை. றொஜர் அண்ணை மேலும் தோட்டத்துக்காரர் மேலும் வழக்குப் போடுகிறார்கள். நடந்து முடிய ஒரு வருடத்துக்கு மேல் செல்லும் என்று சாம்பவி சொல்கிறா.

றொஜர் அண்ணை ஒரு நாள் கோயில் வாசலில் என்னை மறித்தார். நன்றாக மெலிந்துவிட்டார். “எங்கடை ஆளெண்டு பாத்து உனக்கு வேலை தந்தன். விசா இல்லாமல் நிண்ட நேரம் சோறு போட்டன். இப்பிடிச் செய்துபோட்டியே” என்றார்.

“அவனும் எங்கடை ஆள்தான் அண்ணை” என்றேன். அவர் செருப்பைத் தேடிப் போட்டார். பிறகு போய்விட்டார். எனக்கு அவரில் வெறுப்பு வரவில்லை. அது ஏனென்று தெரியவில்லை.

குடிவரவு அலுவலகத்தில் இரண்டு தரம் விசாரித்தார்கள். தடுப்பு முகாமுக்குக் கொண்டு போகவில்லை. செவ்வாய்க்கிழமை தோறும் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். வேலை செய்யக் கூடாது. வழக்கு முடியும் வரைக்கும் சாட்சி என்பதால் விட்டு வைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு என்ன என்று தெரியாது.

ரிவர்லாண்டில் மிச்சமிருக்கிற தோட்டங்களில் இந்தக் கிழமை பழம் பிடுங்கத் தொடங்குவார்கள். பிறகு பரோசா, பிறகு கூனவாரா. பதின்மூன்று வருடத்தில் முதல் தரம் நானும் அவனும் அதற்குள் இல்லை.

எழுத முடிந்தால் எழுதுங்கள். முடியாவிட்டாலும் எனக்கு விளங்கும்.

நகுலேஸ்வரன்


பலெர்மோ
15.02.2026

அன்புள்ள நகுலனுக்கு,

அத்தானுக்குக் கால் பரவாயில்லை. நிலக்ஷி வளர்ந்துவிட்டாள், என் சப்பாத்து அவளுக்குக் காணாது. எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ அறையில் தனியாக இருந்து என்ன சமைக்கிறாய்?

திருத்திய கடிதம் ஜனவரி கடைசியில் வந்தது. நிலக்ஷி அதை முதலில் தனக்குள் வாசித்தாள். பிறகு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற மாதிரிச் சத்தமாக வாசித்தாள். முடித்துவிட்டு, “எங்கடை மாமா கொராஜ்ஜோசோ, அம்மா” என்றாள். துணிச்சல்காரன் என்பதற்கு அவளுக்குத் தமிழ் வரவில்லை.

அவளும் நானுமாக அதைத் தமிழில் எழுதினோம். அத்தான் கொண்டுபோய் ஸ்தாசியோனேக்குப் பின்னாலுள்ள அந்தக் கடையில் கொடுத்தார். கடைக்காரர் வாசித்துப் பார்த்துவிட்டுத் தானே கண்ணாடியில் ஒட்டினார். யார் வாசித்தார்கள், யார் வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு பெண்களில் ஒருத்தி போன ஞாயிறு என் கையைப் பிடித்தாள்.

அம்மாவுக்குச் சொல்லத்தான் எனக்குப் பயமாக இருந்தது. ஒரு சனிக்கிழமை எடுத்தேன். கடிதத்தை வாசித்தேன்.

“அப்ப அவன் குடிக்கேல்லை” என்றா.

“இல்லை அம்மா. ஒரு சொட்டும் இல்லை.”

“எனக்குத் தெரியும். எண்டாலும் கடுதாசியிலை போட்டிருக்குத்தானே.” பிறகு, “ஆரை இழுத்தவன்?” என்று கேட்டா.

நான் சொன்னேன். எல்லாம் சொன்னேன். நீ ஒளித்ததையும் சொன்னேன். அவ போனை வைத்துவிட்டா. பிறகு நான் எடுத்தபோதெல்லாம் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அமலினியிடம் கேட்டால், “அம்மா நல்லா இருக்கிறா அக்கா, ஆனால் ஒருத்தரோடையும் கதைக்கிறா இல்லை” என்றாள். ஐந்து நாள் அப்படிப் போனது. உன்னை அவ தன் மனத்திலிருந்து எடுத்துவிட்டா என்றுதான் நான் நினைத்தேன். அது நியாயம் என்றும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலையில் அவவே எடுத்தா.

சுதா படகேறிய நாளிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பிள்ளையார் கோயிலில் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அருச்சனை செய்துகொண்டு வந்தாவாம். பதின்மூன்று வருடமாக ஒரு வெள்ளியும் தவறவிடவில்லையாம். எனக்கு இது தெரியாது. போன மார்ச்சுக்குப் பிறகு கோயிலுக்குப் போகவே இல்லை. இந்த வெள்ளி போக வேண்டும் என்றா.

“போங்கோ அம்மா. ஆனால் சுதாவின்ரை பேரிலை இனி அருச்சனை செய்ய ஏலாது” என்றேன்.

“அது எனக்குத் தெரியாதோ? இருக்கிறவைக்குத்தான் அருச்சனை” என்றா. பிறகு, “நகுலன்ரை நட்சத்திரம் என்ன, பிள்ளை?” என்று கேட்டா.

எனக்குத் தெரியவில்லை, நகுலன். உன் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும், அவ இல்லை. சாதகக் கட்டு இடம்பெயரும்போது போய்விட்டது. அம்மாவும் நானும் மாறி மாறி யோசித்தோம். நீ மாசி மாதத்தில் ஒரு மழை நாளில் பிறந்தாய் என்பதற்கு மேல் இருவருக்கும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நட்சத்திரம் தெரியும் வரைக்கும் பெயரை மட்டும் சொல்லிச் செய்கிறேன் என்று அம்மா போயிருக்கிறா.

உன் கடவுச்சீட்டிலோ அங்கே கொடுத்த பத்திரத்திலோ பிறந்த திகதி சரியாகத்தான் இருக்கிறதா? நேரம் யாராவது சொல்லி உனக்குத் தெரியுமா? உடனே எழுதி அனுப்பு. அம்மா காத்துக்கொண்டிருக்கிறா.

அக்கா,
வேணுகா